நாற்பத்தைந்து பாகையில் ஒரு தகடு

வத்தேகமவுக்கும் கண்டிக்கும் இடையிலே பொல்கொல்லை இருக்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி கங்கை இவ்விடத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு வருகின்றது. அணைக்கட்டினால் தடுக்கப்பட்ட நீரின் ஒரு பகுதி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையினூடு சென்று, உக்குவளை மின்னிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் விழுகின்றது. எஞ்சிய பகுதி பழைய தடத்திலே விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகின்றது. சுது கங்கை அம்பன் கங்கையோடு கலக்கின்றது. அம்பன் கங்கை வடக்கே நெடுந்தூரம் சென்று பொலன்னறுவைப் பக்கத்தில் மகாவலியையே மீண்டும் அடைகின்றது. ஆகவே பொல்கொல்லையிற் பிரிந்த நீரில் ஒரு பங்காவது பின்னர் ஒன்றுசேர்கின்றது எனலாம். ஆயின் அவ்வாறு சேரும் நீரில், எந்தத் துளி சுரங்கத்தினூடு வந்தது, எந்தத் துளி ஆற்றோடு வந்தது என்று எவராலும் கூறவியலாது. நீருக்கு வந்த வழி நினைவில் நிற்பதில்லை.

ஒளிக்கு நிற்கின்றது. ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு வழிகளில் அனுப்பி, மறுபடியும் ஒன்றாக்கினால், இரு வழிகளின் நீளத்திலும் உள்ள வேறுபாடு ஒளியும் இருளும் மாறி மாறி அமைந்த வரிகளாகத் திரையிலே தோன்றிவிடும். அலைநீளத்தின் பாதியளவு வேறுபாடு கூட மறைவதில்லை. இந்த உண்மையைப் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் பெற்றிருந்த ஒரு மாணவன், தன் இறுதியாண்டு ஆய்வின்போதே அதன் பொருளை அறிந்துகொண்டான்.

வத்தேகமவிலிருந்து பன்விலைப் பக்கமாக ஏறும் மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் அவனுடைய வீடு இருந்தது. காலையில் பேருந்தில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து மற்றொரு பேருந்திலே பேராதனைக்குச் செல்வான். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் மைக்கல்சன் தலையீட்டுமானி ஒன்று இருந்தது. வருடந்தோறும் மாணவர் பயன்படுத்திப் பயன்படுத்திப் பித்தளைப் பாகங்கள் தேய்ந்து மினுங்கிய பழைய கருவி அது. அக்கருவியைக் கணினியிலே மாதிரியாக அமைத்து, மாதிரி கூறுவதையும் கருவி காட்டுவதையும் ஒப்பிடவேண்டும் என்பதே அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. விரிவுரையாளர் இதனைச் சிறிய வேலை என்றே கருதினார். அவனும் அவ்வாறே கருதினான்.

ஒளியியல் வடிவமைப்புக்கான மென்பொருள்கள் செய்யும் காரியம் அடிப்படையில் மிக எளியது. ஒரு கதிரை எடுத்து, அது சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் எங்கே படுகின்றது, எந்தக் கோணத்தில் முறிகின்றது அல்லது தெறிக்கின்றது என்று கணித்து, அடுத்த பரப்புக்கு அனுப்புவது. இதனை முற்காலத்தில் மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு மனிதர் கையாற் செய்தனர். ஒரு வில்லைத் தொகுதியைத் திருத்துவதற்கு மாதக்கணக்காயிற்று. இன்று ஒரு வினாடிக்குள் இலட்சக்கணக்கான கதிர்கள் போய்வருகின்றன. இவ்வகை மென்பொருள்களில் பெயர்பெற்ற ஸீமாக்ஸ் 1990ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதனை எழுதிய கென் மூர் என்பவர் தமது நாயின் பெயரைத் தழுவியே அதற்குப் பெயரிட்டார் என்பர். சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு பிராணியின் பெயர் இத்தகைய மென்பொருளுக்குப் பொருத்தமானதே. அது எசமானனிடம் காரணம் கேட்பதில்லை. பிழையான கட்டளைக்கும் சரியான கட்டளைக்கும் ஒரே விசுவாசத்தோடு கீழ்ப்படிகின்றது.

திரையில் தோன்றுவது ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஒரு பரப்பு. அதன் வளைவு, அடுத்த பரப்புவரை உள்ள தூரம், இடையில் இருப்பது கண்ணாடியா வளியா என்பன எழுதப்படும். ஒவ்வொரு பரப்பின் இடமும் அதற்கு முந்திய பரப்பிலிருந்தே அளக்கப்படுகின்றது. ஒரே நேர்கோட்டில் அடுக்கிய வில்லைகளுக்கு இது போதும். ஆடியொன்றைச் சரித்து வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. அங்கே பரப்பல்லாத ஒரு வரிசையை இடையிலே சேர்க்கவேண்டும். அதிலே கண்ணாடியும் இல்லை, ஆடியும் இல்லை. ‘இனி வரும் அனைத்தையும் இவ்வளவு நகர்த்து, இவ்வளவு திருப்பு’ என்னும் கட்டளை மாத்திரமே உள்ளது. ஆள்கூற்று அச்சுகளையே திருப்புகின்ற வரிசை அது.

மாணவன் ஆடியை 45 பாகை திருப்பினான். கதிர் சரியாக 90 பாகை தெறித்துச் சென்றது. ஆயின் அடுத்த பரப்பு அதன் வழியில் இல்லை. வெறுவெளியில் வேறெங்கோ நின்றது. ஆடியை 45 பாகை திருப்பினால் ஒளி 90 பாகை திரும்பும். அச்சோ 45 பாகைதான் திரும்பியிருக்கும். எஞ்சிய 45 பாகைக்கு, ஆடிக்குப் பின்னர் இன்னொரு திருப்பற் கட்டளை வேண்டும். அதுமட்டுமன்று, ஒற்றை எண்ணிக்கையான தெறிப்புகளுக்குப் பின்னர் தூரங்கள் யாவும் மறைக்குறியோடு எழுதப்படவேண்டும் என்பது மற்றொரு விதி. இவ்விரண்டையும் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் சென்றது. இவற்றில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை; இத்துறையில் இறங்குவோர் பெரும்பாலும் இவ்விடத்திற் சறுக்கியே எழும்புகின்றனர்.

இதனினும் ஆழமான சிக்கல், திருப்பங்களின் ஒழுங்கிலே இருந்தது. மேசைமீது ஒரு புத்தகத்தை வைத்து, முதலில் முன்பக்கமாக 90 பாகை சாய்த்துப் பின்னர் இடப்பக்கமாக 90 பாகை திருப்பினால் ஒரு நிலை கிடைக்கின்றது. அதே இரண்டையும் ஒழுங்கு மாற்றிச் செய்தால் வேறொரு நிலை கிடைக்கின்றது. கூட்டலில் எதனை முதலிற் கூட்டினாலும் ஒன்றே; திருப்பலில் அப்படியன்று. நகர்த்திவிட்டுத் திருப்புவதும் திருப்பிவிட்டு நகர்த்துவதும் வெவ்வேறானவை. ஆகையினாலேயே அந்த வரிசையில் ஒழுங்கைக் குறிப்பதற்கென்றே தனி எண் ஒன்று உண்டு: பூச்சியம் என்றால் முதலில் நகர்த்தல், பின்னர் திருப்பல், ஒன்று என்றால் மறுதலை. திரும்பி வருபவன் போன வழியின் கட்டளைகளைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும்.

தோட்டத்திலே பிறந்தவனுக்கு இது புதிதன்று. அங்கே கிழக்கு மேற்கு என்று எவரும் இடஞ்சொல்வதில்லை. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, ஆற்றுப்பக்கம், றோட்டுப்பக்கம் என்றே சொல்வர். மேற்கணக்கில் நிற்பவனுக்குக் கீழே இருக்கும் தேயிலை ஆலை, கீழ்க்கணக்கில் நிற்பவனுக்கு மேலே இருக்கின்றது. ஆலை அசையவில்லை. சொல்பவன் நிற்கும் இடமே அச்சுகளைத் தீர்மானிக்கின்றது. வழிசொல்பவன் முதலில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் கேட்பவன் காட்டுக்குள் போய்ச் சேருவான்.

அச்சுகளைத் திருப்பும் இந்தக் கணக்கு மாணவரின் பயிற்சியோடு முடிந்துபோவதன்று. 2023 செப்ரெம்பர் 2ஆந் திகதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் ஏழு கருவிகள் உள்ளன. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்டப் பணிப்பாளராக விளங்கிய அக்கலத்தின் முதன்மைக் கருவி, பெங்களூரின் இந்திய வானியற்பௌதிக நிறுவனம் ஒசக்கோட்டையில் உள்ள தன் வளாகத்தில் உருவாக்கிய ஒளிமுடி காட்டியாகும். சூரிய வட்டத்தின் பேரொளியை மறைத்து, அதனைச் சூழ்ந்த மங்கிய ஒளிமுடியை இடையறாது நோக்குவது அதன் வேலை. அக்கருவி 147 மில்லிமீற்றர் துவாரமுடையது. அதன் முதலாவது ஆடி, பரவளைவின் நடுவிலிருந்தன்றி ஓரத்திலிருந்து வெட்டியெடுத்தது போன்றது. அதாவது, ஆடியின் அச்சு ஆடிக்கு வெளியே இருக்கின்றது. அதன் பின்னால் வரும் ஒவ்வொரு பாகமும் நகர்த்தலும் திருப்பலுமாகவே கணிக்கப்படவேண்டும். அவற்றுக்கிடையே நிறத்தைக் கொண்டு பிரிக்கும் கற்றை பிரிப்பான்கள் நின்று, 530.3, 789.2, 1074.7 நனோமீற்றர் அலைநீளங்களுடைய கோடுகளை நிறமாலைகாட்டிக்கும், 500 நனோமீற்றரை அண்டிய ஒளியைப் படம்பிடிக்கும் பகுதிக்கும் அனுப்புகின்றன. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் 2024 சனவரி 6ஆந் திகதி நிலைகொண்ட ஒரு கலத்துள், ஆடியொன்று சற்றுத் திரும்பியிருந்தால் அதனைத் திருகித் திருத்த ஒரு கையும் போகாது. கணக்குத்தான் கை.

இனிக் கற்றை பிரிப்பானுக்கு வருவோம். அரைகுறையாக வெள்ளி பூசிய கண்ணாடித் தகடு ஒன்று 45 பாகையில் நிற்கின்றது. விழும் ஒளியிற் பாதி தெறிக்கின்றது, பாதி ஊடுருவுகின்றது. கண்ணுக்கு எளிதான இக்காட்சி அட்டவணைக்கு எளிதன்று. வரிசைமுறையிற் செல்லும் கதிர் ஒரு பரப்பைச் சந்தித்தால் ஒன்றில் தெறிக்கவேண்டும் அல்லது ஊடுருவவேண்டும். இரண்டையும் செய்ய அதற்கு அனுமதி இல்லை. கதிரை உண்மையாகவே பிளந்து காட்டும் வேறொரு முறையும் இம்மென்பொருள்களில் உண்டு. ஆயினும் முதலில் வரிசைமுறையிலேயே செய்துபார்க்கும்படி விரிவுரையாளர் பணித்தார். அம்முறையில் ஒரே கருவியை இரண்டு தடவை எழுதவேண்டும். முதலாவது அமைப்பில் அத்தகடு ஓர் ஆடி. இரண்டாவது அமைப்பில் அதே தகடு ஒரு சாளரம். இரண்டு அமைப்புகளும் ஒன்றையொன்று அறியா. இரண்டின் இறுதி விடைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைப்பவன் மனிதனே.

இந்த வேலையை விடுமுறை நாட்களில் வீட்டிலும் செய்தான். திரையிலே சிவப்பும் நீலமுமாய்ப் பிரிந்து செல்லும் கோடுகளை அவனுடைய அப்பாயி அருகிலிருந்து பார்ப்பாள். ஒருநாள் அது என்னவென்று கேட்டாள். ஒரே வெளிச்சத்தை இரண்டாக்கி வேறு வேறு பக்கம் அனுப்புவதாக அவன் சொன்னான்.

“அனுப்பினது திரும்பி வருமாய்யா?”

“வரும் அப்பாயி. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து சேரும்.”

“எங்க அண்ணன் போனாப்ல போனா?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இரு பிரதமர்களும் ஒப்பமிட்ட அப்பத்திரம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் சரிபாதியாயிற்று. கோச்சியேறித் தலைமன்னாருக்கும், கப்பலேறி இராமேசுவரத்துக்கும் போய், மண்டபம் முகாமிலே காத்திருந்து, இறுதியாகக் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே அவர் இறங்கினார். அங்கே அவரைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். இங்கே தங்கிவிட்ட தங்கையை ‘இந்தியாக்காரி’ என்றனர். அவளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. அண்ணன் கோத்தகிரியிலேயே காலமானார். இடையில் ஒரு தடவையேனும் இருவரும் சந்திக்கவில்லை. இதனையெல்லாம் அவன் சிறுவயது முதல் கேட்டறிந்திருந்தான். அன்று அவனுக்குச் சிறிது எரிச்சலே உண்டாயிற்று. பௌதிகவியலுக்குள் குடும்பக் கதையைக் கொண்டுவருவது அவனுக்குப் பிடிக்காது.

மாதிரி ஒருவாறு முடிந்தது. 632.8 நனோமீற்றர் சிவப்பு லேசரைக் கருவியிலும் கணினியிலும் பயன்படுத்தினான். இரண்டிலும் அழகிய வட்ட வரிகள் தோன்றின. அசையும் ஆடியை 0.03164 மில்லிமீற்றர் நகர்த்தினால் 100 வரிகள் கடந்துசெல்லவேண்டும் என்பது கணக்கு. எண்ணினான். சரியாகவே கடந்தன. விரிவுரையாளரும் மகிழ்ந்தார். இனி வெண்ணொளி வரிகளையும் எடுத்துவிட்டால் அறிக்கையை எழுதலாம் என்றார்.

வெண்ணொளியில் வரிகளைப் பெறுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எல்லா நிறங்களும் சேர்ந்திருப்பதனால், இரு வழிகளும் ஏறக்குறைய முற்றிலும் சமமாகும் இடத்தில் மாத்திரம், ஆடியின் சில மைக்கிரோமீற்றர் நகர்ச்சிக்குள், நிறம்பூண்ட சில வரிகள் தோன்றி மறையும். திருகைச் சற்று வேகமாகத் திருப்பினால் அவை கடந்துபோனதே தெரியாது. மாணவன் ஒவ்வொரு மாலையும் ஆய்வுகூடத்தின் சாளரங்களை மூடி, மயிரளவு மயிரளவாகத் திருகை நகர்த்திப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. கணினி மாதிரியில் மூன்று நிறங்களைக் கொடுத்துப் பார்த்தான். இரு வழிகளும் சமமாகும் இடத்தில் வரிகள் உண்டு என்று மாதிரி உறுதியாகச் சொன்னது. ஆகவே தன் கைதான் பழகவில்லை என்று முடிவுசெய்து மறுபடியும் தொடங்கினான். இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நண்பனின் விடுதி அறையிற் படுத்துறங்கிய இரவுகளும் உண்டு.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், அம்மூன்று வாரங்களிலும் அவன் கருவியைச் சந்தேகித்தான், தன்னைச் சந்தேகித்தான், மாதிரியை ஒருபோதும் சந்தேகிக்கவில்லை என்பதாகும். லேசரில் 100 வரிகளைச் சரியாகச் சொன்ன மாதிரி பிழைக்கும் என்று எங்ஙனம் எண்ணுவது? இத்தகைய நம்பிக்கை பெரியோரையும் விட்டதில்லை. ஹபிள் விண் தொலைநோக்கியின் பெரிய ஆடியைத் தீட்டும்போது அதனைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் பிசகியிருந்தது. அக்கருவி சொன்னபடியே ஆடி மிக நேர்த்தியாக, மிகத் துல்லியமாக, பிழையான வடிவத்திலே தீட்டப்பட்டது. ஓரத்தில் 2 மைக்கிரோமீற்றருக்குச் சற்றே கூடிய பிழை. வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை துல்லியங்குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1990இல் விண்ணுக்குப் போன பின்னரே மங்கிய படங்கள் உண்மையைச் சொல்லின. 1993 திசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும்வரை அந்தத் தொலைநோக்கி பார்வைக் குறையோடு பூமியைச் சுற்றிவந்தது.

மாணவனின் பிழை எங்கே இருந்தது? அவன் தகட்டுக்குத் தடிப்புக் கொடுக்கவில்லை. பிரிப்பதற்கு ஒரு பரப்புப் போதுமானது என்று எண்ணி, தடிப்புப் பூச்சியமான ஒரு தளத்தை 45 பாகையில் நிறுத்தியிருந்தான். பாடநூற் படங்களில் அது ஒரு சாய்ந்த கோடாகவே வரையப்படுகின்றது. கோட்டுக்குத் தடிப்பு ஏது?

பிரிக்கின்ற பொருளின் தடிப்பே பிரிவைத் தீர்மானிக்கின்றது என்பதை இந்நிலப்பகுதியில் முதலிற் செய்துகாட்டியவர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில், மில்லிமீற்றர்களில் அளக்கத்தக்க குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவற்றை இரு அரியங்களினூடு செலுத்தினார். இரண்டு அரியங்களையும் ஒட்டவைத்தால் அலை நேரே கடந்துவிடும். நன்கு விலக்கினால் முதலாவது அரியத்தின் சாய்ந்த முகத்தில் முழுமையாகத் தெறித்துவிடும். இடையில் ஒரு சிறிய வளியிடைவெளியை வைத்தால் ஒரு பங்கு கடக்கும், ஒரு பங்கு தெறிக்கும். அப்பங்கினை இடைவெளியின் தடிப்பே நிர்ணயிக்கும். இதுபற்றிய அவருடைய கட்டுரை 1897இல் இலண்டன் றோயற் சங்கத்தின் நடவடிக்கைகளில் வெளிவந்தது. ஒரு பொருளுமில்லாத வெறும் வளியிடைவெளிக்கே இத்துணை வலிமை இருக்குமாயின், மூன்று மில்லிமீற்றர் கண்ணாடியை எங்ஙனம் பூச்சியமாக்குவது?

கண்ணாடித் தகடுகளின் தடிப்பைப் பற்றிய ஒரு குறிப்பைத் தற்செயலாகப் படித்தபோதே மாணவனுக்குச் சந்தேகம் பிறந்தது. மறுநாள் நுண்மானித் திருகினால் அளந்தான். 3 மில்லிமீற்றர். அட்டவணையைத் திறந்து, ஒரு பரப்பை இரண்டாக்கி, நடுவில் பீகே-7 கண்ணாடியையும் 3 மில்லிமீற்றரையும் எழுதினான். உடனே கதிர்கள் யாவும் இடம் பெயர்ந்தன. பின்னாலுள்ள ஆடியின் நடுவிலிருந்து 1.12 மில்லிமீற்றர் விலகி விழுந்தன. 45 பாகையில் நிற்கும் 3 மில்லிமீற்றர்த் தகடு கற்றையை 1 மில்லிமீற்றர் பக்கமாக நகர்த்தும் என்பதை அவன் கையாற் கணித்து அறிந்திருந்தான். இந்த 1.12 எங்கிருந்து வந்தது?

ஓர் இரவு முழுவதும் இதற்குப் போயிற்று. விடை ஆள்கூற்றிலே இருந்தது. அச்சுகளை 45 பாகை திருப்பியபின் எழுதிய 3 மில்லிமீற்றர், திருப்பிய அச்சின் வழியே, அதாவது தகட்டின் செங்குத்தின் வழியே அளக்கப்பட்டது. அங்கிருந்து அச்சுகளை மறுபடியும் நேராக்கினால், அவை தொடங்கிய கோட்டுக்குத் திரும்புவதில்லை; 2.12 மில்லிமீற்றர் தள்ளி, அதற்குச் சமாந்தரமான வேறொரு கோட்டிலே நிற்கின்றன. ஒளி உண்மையாக நகர்ந்தது 1.00. அச்சு நகர்ந்தது 2.12. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே 1.12. பார்க்கப்பட்டதோடு பார்த்தவனும் நகர்ந்திருந்தான். திரும்புமுன்னர் 3 மில்லிமீற்றரைப் பின்னோக்கி நடந்து, திருப்பலை அவிழ்த்து, அதன்பின் முன்னோக்கி வரும்படி மூன்று வரிசைகளை எழுதியதும் 1.12 என்பது 1.00 ஆயிற்று. கைக்கணக்கோடு அது ஒத்தது. அப்பொழுது பின்னிரவு மூன்று மணியிருக்கும்.

அடுத்த நாள் தகட்டினூடாக ஒளி எத்தனை தடவை போகின்றது என்று விரலை மடித்து எண்ணினான். வெள்ளி பூசப்பட்டிருப்பது தகட்டின் பின்முகத்தில். தெறிக்கும் பாதி, கண்ணாடிக்குள் ஒருமுறை புகுந்து, பின்முகத்தில் தெறித்து, இரண்டாம் முறையாகக் கண்ணாடியைக் கடந்து வெளியேறுகின்றது. ஆடியிற் பட்டுத் திரும்பி, மூன்றாம் முறையாகக் கடந்து கண்ணை அடைகின்றது. ஊடுருவும் பாதியோ ஒரே ஒருமுறை கடந்து அப்பாற் சென்று, திரும்பி வந்து, பூச்சின் வெளிப்புறத்திலேயே தெறித்துவிடுகின்றது. ஒரு வழிக்கு மூன்று. மறு வழிக்கு ஒன்று. லேசரைப் போன்ற ஒரே நிறத்து ஒளிக்கு இதனாற் கேடில்லை. ஆடியைச் சற்று நகர்த்தி ஈடுசெய்துவிடலாம். ஆயின் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் தாமதிக்கச் செய்கின்றது. இரண்டு மேலதிகக் கடத்தல்களால் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே ஏற்படும் வழிவேறுபாடு ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர், அஃது ஒளியின் அலைநீளத்தைப் போன்று நூறு மடங்கு. நீலத்துக்குச் சமமாகும் இடத்தில் சிவப்புக்குச் சமமில்லை. ஆடியை எங்கே வைத்தாலும் வெண்ணொளி வரி தோன்றாது. மூன்று வாரமாக அவன் தேடியது, அக்கருவியில் அன்றிருந்த நிலையில், எவருக்கும் கிட்டாத ஒன்று.

மைக்கல்சன் இதனை அறிந்தே இருந்தார். 1887இல் மோர்லியோடு சேர்ந்து அவர் செய்த புகழ்பெற்ற பரிசோதனையில், ஒருமுறை மாத்திரம் கண்ணாடியைக் கடக்கும் வழியிலே, அதே தடிப்பும் அதே சாய்வும் உடைய இன்னொரு தகடு, பூச்சில்லாமல், நிறுத்தப்பட்டிருந்தது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. ஒன்றோடு இரண்டு சேர மூன்றாகின்றது. ஈடுசெய் தகடு என்று அதற்குப் பெயர். பாடநூற் படத்தில் அதுவும் உண்டு. அதனைப் பரீட்சைக்காக வரைந்தவனுக்கு, கருவியில் அது இல்லை என்பது கண்ணிற் படவில்லை.

ஆய்வுகூட உதவியாளரிடம் கேட்டபோது அவர் சிறிது யோசித்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். பஞ்சில் சுற்றிய கண்ணாடித் தகடு அதிலே பத்திரமாக இருந்தது. முன்னொரு காலத்திற் சுத்தம் செய்வதற்காகக் கழற்றியதாகவும், பின்னர் எவரும் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். லேசரோடு பார்க்கும் மாணவருக்கு அது தேவைப்படவில்லை.

தகட்டைப் பொருத்தி, இரு வழிகளையும் சமப்படுத்த அன்று மாலை முழுவதும் சென்றது. ஆறு மணிக்குப் பின்னர், திருகு மெதுவாக நகர்கையில், சாம்பல் நிறமாயிருந்த வட்டத்துக்குள் ஒரு நடுக்கம் தோன்றிற்று. பின்னர் நடுவில் ஒரு கரிய கோடும் இருபுறமும் செம்மையும் பசுமையும் ஊதாவுமாகச் சில கோடுகளும் வந்து நின்றன. மேசையில் கை பட்டதும் அவை கலைந்தன. கையை எடுத்ததும் மீண்டன. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். அப்பாயி அதனைப் பார்த்துவிட்டுச் சேலைக்கரை போல இருக்கிறது என்றாள்.

எஞ்சியது அறிக்கை. லேசர்ப் படம் சரி, எண்ணிக்கை சரி, வெண்ணொளியும் கிடைத்துவிட்டது. முதலில் அமைத்த பிழையான மாதிரியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார். நண்பர் சிலரும் அவ்வாறே ஆலோசனை கூறினர். வேலை ஒழுங்காக நடந்தது போன்ற தோற்றத்துக்குப் புள்ளியும் கூடுதலாகக் கிடைக்கும். அவன் இரண்டு நாட்கள் தடுமாறினான். இறுதியில் நான்காம் அத்தியாயத்தில் பழைய படத்தையும் அதன் அட்டவணையையும் அப்படியே சேர்த்து, ‘இங்கே தகட்டின் தடிப்புப் பூச்சியம் எனக் கொள்ளப்பட்டது; ஒருநிற ஒளியில் இப்பிழை வெளிப்படவில்லை’ என்று கீழே எழுதினான். நேர்முகப் பரீட்சையில் கேட்கப்பட்ட வினாக்களிற் பெரும்பாலானவை அந்த அத்தியாயத்தைப் பற்றியே அமைந்தன. 1.12 எங்கிருந்து வந்தது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்படி கேட்டனர். வரைந்தான். முதல் தடவை அச்சினைப் பிழையான பக்கத்திற் சாய்த்துவிட்டு, அழித்து மறுபடியும் வரைந்தான்.

கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன்னர் அதன் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினான். ‘தகடுகள் 2. ஒன்று பிரிப்பது, மற்றையது ஈடுசெய்வது. தடிப்பு 3 மி.மீ. கழற்றினால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. சிங்கள வாசகத்தை எழுதிக் கொடுத்தவன், கடைசிப் பேருந்து தவறிய இரவுகளில் தன் அறையில் அவனுக்குப் பாய் விரித்த நண்பன்.